உடன் நடப்பவரின் ஹக்கு

கால்நடையாகச் செல்லும் புண்ணியப் பயணத்தில் நன்மை எங்கே இருக்கிறது? நடையிலா, போய்ச் சேருவதிலா, அல்லது உடன் வருபவரிடம் நாம் நடந்துகொள்ளும் விதத்திலா? மூன்றும் ஒருங்கே வாய்த்துவிட்டால் கேள்விக்கு இடமில்லை. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்னும் நிலை வருகிறபோதுதான் மனிதன் தடுமாறுகிறான்.

வட சென்னையில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கிற எண்ணூர்க் கழிமுகத்தில் முகத்துவாரக்குப்பம் இருக்கிறது. அங்கிருந்து திருவொற்றியூர், காசிமேடு, இராயபுரம் என்று தெற்கே நீளும் கரையில் வாழும் மக்களுக்கு யாத்திரை நடை புதியதன்று. ஆகஸ்டு மாதத்தில் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்போர் உண்டு. சாகுல் ஹமீது நாயகத்தின் கந்தூரிக்காக நாகூருக்கு நடப்போரும் உண்டு. பின்னவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள் அல்லர். கடலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு நாகூர் ஆண்டவர் என்னும் பெயர் தலைமுறை தலைமுறையாகப் பழகியது. தர்காவின் மனோராக்களில் மிக உயர்ந்ததைக் கட்டித் தந்தவரே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் அல்லவா?

வழி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கோவளம், மாமல்லபுரம், மரக்காணம், புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, கொள்ளிடம் கடந்து தரங்கம்பாடி, காரைக்கால் என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே போகிற பாதை. (தர்கா ஜியாரத்துக்காகப் பயணம் புறப்படுவது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை நான் அறியாதவன் அல்லன். அந்த வழக்கை இங்கே திறக்கப் போவதில்லை. நான் பேச வந்தது போகிற இடத்தைப் பற்றியன்று. கூடப் போகிறவனைப் பற்றி.)

அந்தக் கரையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு மஸ்அலா கேட்டார். நண்பர்கள் ஐவர், இருவர் நம்மவர், மூவர் மீனவர். கொடியேற்றத்துக்கு முன்னால் நாகூர் சேர்வதென்று நாள் குறித்து நடந்திருக்கிறார்கள். புதுச்சேரியைத் தாண்டியதும் அவர்களுள் மூத்தவருக்குக் காலில் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கிறது. அவர் சர்க்கரை நோயாளி. அந்நோய் நாள்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப்போகும். ஆணி தைத்தாலும் தெரியாது. ஆகவே புண்ணை முதலில் கண்டவர் புண்பட்டவர் அல்லர், பின்னால் நடந்து வந்த இந்த இளைஞர். மற்ற மூவரும், "நீங்கள் பஸ் ஏறி வந்துவிடுங்கள் அண்ணே, நாங்கள் நடந்து வந்து சேர்ந்துகொள்கிறோம்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். இளைஞரோ அவரைக் கடலூரில் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கட்டுப் போட்டு, இரண்டு நாள் கூட இருந்து, பிறகு இருவருமாகப் பஸ்ஸில் நாகூர் போயிருக்கிறார்கள்.

"அண்ணனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, ஹஜ்ரத். ஆனால் முழுதும் நடப்பதாக நிய்யத் வைத்தேனே! அது முறிந்துபோயிற்றா?"

நேர்ச்சையின் சட்டம் நீண்டதன்று. தள்ளாத முதியவர் ஒருவர் தம் இரு புதல்வர்களின் தோளில் தொங்கியபடி தடுமாறி வருவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டார்கள். காரணம் வினவியபோது, கஅபாவுக்கு நடந்தே செல்வதாக நேர்ந்திருக்கிறார் என்றனர். இவர் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வதில் அல்லாஹ்வுக்கு எந்தத் தேவையும் இல்லை என்று கூறி, வாகனத்தில் ஏறும்படி கட்டளையிட்டார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் என் சிந்தை முதியவரைவிட அந்தப் புதல்வர்கள் மீதே செல்லும். தந்தையின் மீது அன்பு இருந்தது. நேர்ச்சையின் மீது மதிப்பு இருந்தது. அவரை வாகனத்தில் ஏற்றலாம் என்று சொல்லும் துணிவு மட்டும் இல்லை.

கஅபாவுக்கே இதுதான் சட்டம் என்றால் பிற இடங்களுக்கு நடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நடந்தும் வாகனத்திலும் ஹஜ்ஜுக்கு வருவோரைத் திருமறை சேர்த்தே பேசுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி ஹஜ்ஜை ஒட்டகத்தின் மீதமர்ந்தே நிறைவேற்றினார்கள். அதனால் ஏறிச் செல்வதே சிறந்தது என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் முடிவு. இமாம் ஹசன் (ரலி) அவர்கள் பலமுறை நடந்தே ஹஜ் செய்ததாகவும் நூல்களில் காண்கிறோம். அப்போதும் அவர்களுடைய வாகனங்கள் பக்கத்திலேயே நடத்திவரப்பட்டன என்பதை நம்மவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

2022 ஜூனில் மலப்புறம் மாவட்டத்திலிருந்து புறப்பட்டு, பாகிஸ்தான் விசாவுக்காகப் பஞ்சாபில் பல மாதம் காத்திருந்து, 2023இல் மக்கா சென்றடைந்த ஷிஹாப் சோட்டூரைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை விவாதம்! விமானம் இருக்க நடை எதற்கு என்றார் ஒருவர்; இதுவன்றோ ஈமான் என்றார் மற்றவர். ஆனால் அவர் தனியாகப் புறப்பட்டவர். தம் கால்களுக்கு மட்டுமே பொறுப்பேற்றவர். ஐவராகப் புறப்பட்டவர்களின் கணக்கு வேறு.

யாருக்கெல்லாம் நன்மை செய்ய வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் வரிசைப்படுத்தும் இடத்தில், பெற்றோர், உறவினர், அநாதைகள், அண்டை வீட்டார் ஆகியோரோடு பக்கத்திலிருக்கும் தோழர் ஒருவரும் இடம்பெறுகிறார். முஜாஹித் முதலான விரிவுரையாளர்கள் இவரைப் பயணத் துணைவர் என்றே விளக்கினர். பெற்றோரைக் குறிப்பிடும் அதே வசனத்தில், சில நாள் மட்டும் உடன் நடந்தவருக்கும் ஹக்கு எழுதப்பட்டிருக்கிறது. அவர் எந்த மார்க்கத்தவர் என்று அங்கே நிபந்தனை இல்லை.

கூட்டம் ஒருவருக்காக நிற்கலாமா என்பதற்கு அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தெளிவான விடை. ஒரு பயணத்தில் மாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காக நாயகம் (ஸல்) அவர்கள் படை முழுவதையும் தங்கச் செய்தார்கள். அங்கே தண்ணீர் இல்லை, மக்கள் முறையிட்டார்கள், அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் மகளையே கடிந்துகொண்டார்கள். அந்தத் தங்கலில்தான் தயம்முமின் வசனம் இறங்கியது. ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் கீழேயே கிடந்தது! இன்னொரு பயணத்திலும் மாலை தொலைந்தது. அன்னையார் தேடச் சென்றிருந்த வேளையில், உள்ளே அவர்கள் இருப்பதாகவே எண்ணிச் சிவிகையைத் தூக்கி ஒட்டகத்தில் வைத்துக் காஃபிலா புறப்பட்டுவிட்டது. அதன் பின் மதீனா ஒரு மாத காலம் பட்ட வேதனையை நாம் அறிவோம். படைக்குப் பின்னால் வந்த ஸஃப்வான் (ரலி) அவர்கள் தம் ஒட்டகத்தில் அன்னையாரை ஏற்றினார்கள். தாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

நம் மூவரை நான் குற்றவாளிகளாக்க விரும்பவில்லை. களைப்பும் நேர்ச்சையும் சேர்ந்தால் மனிதன் முன்னால் இருக்கும் மைல் கல்லைத்தான் பார்ப்பான். ஆனாலும் மரத்த காலோடு ஒருவரைத் தெரியாத ஊரில் தனியே பஸ் ஏற்றுவது, 'நீ எங்களுக்குப் பாரம்' என்று சொல்லாமல் சொல்வதாகும். உடன் ஒருவர் ஏறிவிட்டால் அதே பஸ் பயணத்தில் அந்தச் சொல் இல்லை. மூத்தவருக்கும் ஒரு கடமை இருந்தது. வழித்துணைச் சாமான் இல்லாமல், தவக்குல் என்று சொல்லிக்கொண்டு ஹஜ்ஜுக்கு வந்து பிறரிடம் கையேந்திய யமன் நாட்டாரைக் குறித்தே, உணவைச் சேர்த்துக்கொள்ளுமாறு இறைவசனம் அருளப்பட்டது. தம் நோயைப் புறப்படும் முன்பே அவர் நண்பர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். மறைத்ததற்குக் காரணம் வெட்கமாக இருக்கலாம். கூட்டிப் போகமாட்டார்களோ என்னும் அச்சமாகவும் இருக்கலாம். அந்த அச்சத்தை அவருக்குத் தராதிருப்பது மற்றவர்கள் கையில் இருந்தது.

இளைஞருக்கு, நேர்ச்சைக்கு எந்தக் குறையும் இல்லை, விட்ட வழியை மறுபடி நடக்க வேண்டியதும் இல்லை என்றேன். அடுத்த ஆண்டும் போவதானால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொன்னேன். மூவர் பயணம் புறப்பட்டாலே அது நபிவழி. அந்த அமீர் கடைசியில் நடக்கட்டும் என்றும் சொன்னேன். நாயகம் (ஸல்) அவர்கள் பயணத்தில் பின்தங்கி வந்து, பலவீனரின் வாகனத்தை ஓட்டிவிட்டு, நடப்பவரைத் தம் பின்னே ஏற்றிக்கொள்வார்கள் என்று அபூதாவூதில் இருக்கிறது.

நாள் குறிப்பதும் அமீரின் வேலைதான். கந்தூரி பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது; 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டும் டிசம்பர் மழைக்காலத்தில் வந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பாதையின் நடுப்பகுதி வெள்ளக்காடாயிற்று. வேகமாக நடப்பவர் நாளுக்கு 30 கிலோமீட்டர் போனால் 10 நாள் போதும். மெதுவாக நடப்பவருக்கு 20 கிலோமீட்டர்தான் என்றால் 15 நாள். கொடியேற்றத்திலிருந்து பின்னோக்கி அந்த 15 நாளையும், மழைக்கும் புண்ணுக்குமாக இன்னும் மூன்று நாளையும் எண்ணிப் புறப்படச் சொல்லி அனுப்பினேன்.