கான்சஸ் தீர்ப்பும் ஒரு பழைய பிக்கப்பும்

1977-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு சின்ன வழக்கு வந்தது. 55 மைல் வேக வரம்புள்ள சாலையில் 77 மைல் வேகத்தில் போனதாக ஒருவர் மீது குற்றச்சாட்டு. வேகத்தை அவர் மறுக்கவில்லை. வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் என்ற கருவி வேகம் கூட்டும் நிலையில் சிக்கிக்கொண்டது, அணைக்கப் பார்த்தும் உடனே விடவில்லை, எனவே குற்றம் தன்னுடையது ஆகாது என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பிரேக் திடீரென்று செயலிழந்த ஓட்டுநர்களை விடுவித்த முன்தீர்ப்புகள் இருந்தன. ஆனால் பிரேக்கும் த்ராட்டிலும் இல்லாமல் வண்டியே இல்லை. குரூஸ் கன்ட்ரோலோ ஓட்டுநர் தன் வசதிக்காகச் சேர்த்துக்கொண்டது. கட்டுப்பாட்டில் ஒரு பகுதியை அவராக விரும்பி அதனிடம் ஒப்படைத்தார். அதனால் அவர் ஓட்டுநர் இல்லை என்று ஆகிவிடாது என்றார்கள் நீதிபதிகள். வெறும் போக்குவரத்து வழக்குதான். ஆனால் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாக மல்லுக்கட்டிவரும் கேள்வி அதற்குள் இருக்கிறது. ஒரு செயலை இன்னொன்றிடம் கொடுத்துவிட்டால், அதன் கர்த்தா யார்?

தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் கருவியில் இந்தக் கேள்வி மங்கலாகத்தான் தெரியும். வாங்கும்போதே இருந்தது, பொத்தானை அழுத்தினேன், அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். கார்புரேட்டரும் மேனுவல் கியரும் கொண்ட 1980 வாக்கிலான ஒரு பிக்கப்பில் அதன் சொந்தக்காரர் தனியாக ஒரு குரூஸ் கன்ட்ரோல் வாங்கிப் பொருத்தும்போது அது துலங்குகிறது. நெப்ராஸ்காவில் லிங்கனிலிருந்து கிராண்ட் ஐலண்ட் பக்கம் போகும் இன்டர்ஸ்டேட் 80 சாலை எழுபது மைலுக்கு ஏறக்குறைய நூல் பிடித்தாற்போல் நீள்கிறது. அப்படிப்பட்ட சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தத்தில் மிதித்திருக்கும் கால் ஓய்வு கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த ஓய்வைப் பெற அவர் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். வண்டியின் வேகத்தைக் கருவி அறிய டிரைவ் ஷாஃப்டைச் சுற்றிக் காந்தங்களைக் கட்டி, பக்கத்தில் ஒரு காயிலை நிறுத்துகிறார். ஒரு மைலுக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பெட்டியின் சின்னச் சுவிட்சுகளில் அவரே தேர்ந்தெடுக்கிறார். த்ராட்டிலை இழுக்கும் சர்வோவின் கேபிளை மணிச்சங்கிலியால் அதோடு கோக்கிறார். சங்கிலி அதிகம் இறுகினால் த்ராட்டில் முழுதாக மூடாது. தொய்ந்தால் வேகம் பிடிக்கத் தாமதமாகும். பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து ஒரு கம்பி இழுக்கிறார், கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்ச் வைக்கிறார். நீதிபதிகள் சொன்ன அந்த விருப்பம், இங்கே வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்பானரும் கையுமாக மணிக்கணக்கில் செய்யும் வேலையாக இருக்கிறது. இவரைவிடத் தெளிந்த மனத்தோடு ஒரு பொறுப்பைக் கைமாற்றியவர் இருக்க முடியாது.

செயலின் தொடக்கம் செய்பவனுக்குள் இருந்து, சூழலின் விவரங்களும் அவனுக்குத் தெரிந்திருந்தால் அது விருப்பச் செயல் என்று அரிஸ்டாட்டில் இலக்கணம் வகுத்தார். குடிபோதையில் தவறு செய்தவன், அப்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று தப்ப முடியாது, குடிக்காமலிருப்பது அவன் கையில்தான் இருந்தது என்றும் வாதிட்டார். கான்சஸ் நீதிமன்றம் போனதும் கிட்டத்தட்ட அதே தடம். ஆனால் தொடக்கத்தை மட்டும் பற்றிக்கொண்டால் கணக்கு முழுதாகாது. பொத்தானை அழுத்தியபோது சாலை காலியாக இருந்தது. அரை மணி கழித்து ஒரு மான் குறுக்கே வருகிறது. அழுத்திய கணத்தில் ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் பொறுப்பு எங்கே தங்குகிறது? அந்த அரை மணி நேரத்தில் என்பது என் பதில். ஒரு செயலை ஒப்படைக்கலாம். அந்தச் செயல் நடக்கும் நேரமெல்லாம் அதன்மேல் இருக்க வேண்டிய விழிப்பை ஒப்படைக்க முடியாது.

இந்த இடத்தை எனக்குத் தெரிந்து மிகக் கூர்மையாகத் தொட்டவர்கள் சமணர்கள். உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு வரையறை சொல்லும்போது உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்துவதில்லை. பிரமாதம் என்கிற அசட்டையான நிலையில் நிகழும் உயிர்ச்சேதம் என்று காரணத்தையும் சேர்த்தே வைக்கிறது. உரைகாரர்கள் இதை இன்னும் இழுத்துப் பார்த்தார்கள். நுகத்தடி அளவு தூரம் முன்னே பார்த்துக் கவனத்தோடு அடியெடுத்து வைக்கும் துறவியின் காலடியில் ஒரு சிற்றுயிர் வந்து மாண்டால் அவரைப் பாவம் பற்றுவதில்லை. கவனமின்றி நடப்பவன் காலில் எதுவுமே சாகாவிட்டாலும் அவன் குற்றவாளி. நீதிமன்றம் இவ்வளவு தூரம் போக முடியாது, போகவும் கூடாது. ஆனால் குரூஸ் கன்ட்ரோல் போட்டுவிட்டுக் கைபேசியைப் பார்த்தபடி எவர்மீதும் மோதாமல் வீடு வந்து சேர்ந்தவரை நல்லவர் பட்டியலில் சேர்க்க மறுக்கும் அறம் இது. குறளிலும் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. மகிழ்ச்சி மிகுந்து அதில் மறதி வருவதைக் கடுங்கோபத்தைவிடக் கெட்டதாக அது வைக்கிறது. அரசனுக்குச் சொன்னதுதான் என்றாலும், சௌகரியம் தரும் சோர்வுக்கு அரசன் என்ன, டிரைவர் என்ன?

காலை எடுப்பதே மனத்தை எடுப்பதன் முதல் படி, ஆகவே கருவியே வேண்டாம் என்று சிலர் சொல்லக்கூடும். அவர்கள் இந்தக் கருவி பிறந்த கதையைப் பார்க்க வேண்டும். இதைக் கண்டுபிடித்த ரால்ப் டீட்டர் இந்தியானா மாநிலத்தவர், 1890-ல் பிறந்து ஐந்து வயதில் பார்வையை இழந்தவர், பொறியாளர், பிஸ்டன் ரிங் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தியவர். அவரைக் காரில் அழைத்துப்போன ஒரு வழக்கறிஞர் பேசும்போது வேகத்தைக் குறைப்பார், கேட்கும்போது கூட்டுவார். அந்த முன்னும் பின்னுமான குலுக்கலில் வெறுத்துப்போய்த்தான் டீட்டர் வேலையைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். காப்புரிமை 1950-ல் கிடைத்தது. 1958 மாடல் கிரைஸ்லர் கார்களில் கருவி முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. கண்ணில்லாதவர் செய்த கருவிக்கும் கண் இல்லை என்று சிலேடை பேசத் தோன்றும். அது அவருக்கு அநீதி. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தெரியாதது அவருக்குத்தான் தெரிந்தது: அந்தக் கால் ஓட்டுநரின் சித்தத்தின்படி இயங்கவில்லை, பேச்சின் போக்கில் இயங்கியது. நம் கால் நம் வசத்தில் இருப்பதாக நாம் நம்புவதில் பாதி பழக்கம். அந்தப் பாதியை ஓர் இயந்திரத்திடம் கொடுப்பதால் சித்தம் குறைந்துபோவதில்லை. வேகம் என்ன என்பதை ஒருமுறை யோசித்து நிர்ணயிப்பது, யோசிக்காமல் மிதித்துக்கொண்டிருப்பதைவிடச் சித்தத்துக்கு நெருக்கமானது என்றுகூடச் சொல்லலாம்.

வலுவான ஆட்சேபம் வேறு. மனிதனிடமிருந்து செய்கையை எடுத்துவிட்டு மேற்பார்வையை மட்டும் விட்டுவைத்தால், அவன் மிக மோசமாகச் செய்யும் வேலையைத்தான் அவனுக்குக் கொடுக்கிறோம் என்று லிசான் பெய்ன்பிரிட்ஜ் 1983-ல் எழுதிய கட்டுரையில் காட்டினார். அவர் பேசியது ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி. ஆனால் அது நெடுஞ்சாலைக்கும் பொருந்தும். ஒன்றும் நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் கவனித்துக்கொண்டிருக்க நம் மனம் படைக்கப்படவில்லை. விழிப்பை ஒப்படைக்க முடியாது என்று நான் சொல்லும்போது, செயலை ஒப்படைப்பதே விழிப்பை மழுக்கும் என்றால் என் வாதம் தன் காலிலேயே சுட்டுக்கொள்கிறது அல்லவா? யோசிக்காமல் செய்யக்கூடிய காரியங்கள் பெருகப் பெருகத்தான் நாகரிகம் முன்னேறும் என்ற தத்துவஞானி வைட்ஹெட்டின் கருத்தை இங்கே துணைக்கு அழைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. கணக்குக் குறியீடுகளை யோசிக்காமல் கையாள்வதில் எந்த மானும் சாவதில்லை.

பெய்ன்பிரிட்ஜுக்கு என் பதில், ஒப்படைப்பின் அளவைப் பொறுத்தது. பழைய பிக்கப்பில் பொருத்தும் இந்தப் பெட்டிக்கு ஓர் எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. முன்னால் போகும் லாரி தெரியாது, வளைவு தெரியாது, மழை தெரியாது. ஈரச் சாலையில் சக்கரம் பிடி இழந்தாலும் அதற்குக் கணக்கு ஒன்றுதான். மழையில் இதைப் போடாதீர்கள் என்று எச்சரிப்பது அதனால்தான். கைகள் ஸ்டியரிங்கில் இருந்தே தீர வேண்டும். இவ்வளவு அறியாமை உள்ள கருவியை எவரும் துணை ஓட்டுநர் என்று மயங்க மாட்டார்கள். முன்வண்டியைப் பார்த்துத் தானே பிரேக் போடும் இன்றைய ராடார் கருவிகள் இதைவிடப் பாதுகாப்பானவையாகவே இருக்கலாம். ஆனால் விழிப்பு என் வேலைதான் என்பதை மறக்கவைக்கும் ஆற்றல் அவற்றுக்கு அதிகம். பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்பட்டமாக நம்மிடமே விட்டுவைப்பதில் பழைய பெட்டிக்கு ஒரு நேர்மை இருக்கிறது. மழுங்கும் ஆபத்து முழுதாகப் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கம் சொக்கும் பின்னிரவில் இந்தப் பொத்தானைத் தொடாமலிருப்பதும் ஓட்டுநரின் விழிப்பில் அடங்கும்.

ஒப்படைப்பு முறையானதா என்று அறிய இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கொடுத்ததை உடனே திரும்பப் பெற முடிகிறதா? என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்கும் பழைய சர்வோவைப் போல இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் கிடையாது. உள்ளே ஒரு சவ்வு. அதை வெற்றிடம் இழுத்தால் த்ராட்டில் திறக்கும். மின்சாரம் நின்றால் வால்வு வழியே காற்று புகுந்து சவ்வு தளர்ந்துவிடும், ஸ்பிரிங் த்ராட்டிலை மூடிவிடும். சந்தேகம் வந்தால் விட்டுவிடு என்பதே அதன் இயல்பான நிலை. தொழிற்சாலையிலேயே கருவி பொருத்தி வந்த பழைய வண்டிகள் பலவற்றில் பிரேக் பெடலிலேயே தனியாக ஒரு காற்று வால்வும் உண்டு. மின்கம்பி ஏமாற்றினாலும் காற்று ஏமாற்றாது. மலை ஏற்றத்தில் த்ராட்டில் அகலத் திறக்கத் திறக்க என்ஜினின் வெற்றிடம் குறையும். ஆகவே கருவிக்கு வலு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அதற்கு வலு கிடைக்காது. அதற்கென்று வெற்றிடத்தைச் சேமிக்கும் ஒரு டப்பாவைச் சேர்ப்பார்கள். என்றாலும் நீண்ட ஏற்றத்தில் பிடி தளரத்தான் செய்யும், கால் மீண்டும் கீழிறங்கத்தான் வேண்டும். இதைக் குறையாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

திரும்பப் பெறும் வழியையும் ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிட முடியாது. ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் ஏறத்தாழ 1.4 கோடி வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் பிக்கப்புகள் ஏராளம். குற்றவாளி, பிரேக் மிதித்தால் குரூஸ் கன்ட்ரோலைத் துண்டிக்க வைத்த பாதுகாப்புச் சுவிட்ச். எப்போதும் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த அந்தச் சுவிட்சுக்குள் பிரேக் திரவம் கசிந்து, அணைத்து நிறுத்திய வண்டிகள்கூடத் தீப்பிடித்தன.

பக்தர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: எல்லாம் அவன் செயல், நாம் வெறும் கருவி, கருவிக்குள் இன்னொரு கருவி வைப்பதில் என்ன வந்தது? கீதை ஒரு செயலுக்கு ஐந்து காரணங்களை எண்ணுகிறது: இருப்பிடம், கர்த்தா, கரணங்கள், பலவகை முயற்சிகள், தெய்வம். தெய்வத்தை ஐந்தாவதாகச் சேர்த்த அந்த நூல், அதற்காகக் கர்த்தாவைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடவில்லை. தான் மட்டுமே செய்கிறேன் என்ற அகந்தையைத்தான் அது கண்டிக்கிறது. சரணாகதி செய்தவனின் பாரத்தை ஏற்பது எல்லாம் அறிந்த ஒருவன் என்பது பக்தரின் நம்பிக்கை. எண் ஒன்றை மட்டும் அறிந்த பெட்டியிடம் அதே பாவனையோடு சரணடைவது பக்தியில் சேராது.

இவ்வளவும் கடைசியில் ஒரு கம்பியில் வந்து நிற்கிறது. இப்படிப்பட்ட கருவிகள் பல, பிரேக் விளக்கு பல்பின் இழை வழியாகத்தான் எர்த்தை உணர்கின்றன. பழைய பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போட்டவருக்கு அந்த வழி அடைபட்டுக் கருவி வேலை செய்ய மறுக்கலாம். அப்போது ஒரு குறுக்குவழி கண்ணில் படும்: அந்தக் கம்பியைப் பிரேக் சுவிட்சிலிருந்து கழற்றி வண்டியின் உடலில் நேரே எர்த் செய்துவிடுவது. கருவி உடனே இயங்கும். பிரேக்கை மிதித்த செய்தி மட்டும் அந்தக் கம்பி வழியாக அதற்கு இனி ஒருபோதும் போகாது. அதைச் செய்தவர் கான்சஸ் நீதிபதிகள் முன்னால் மட்டுமல்ல, உமாஸ்வாதியின் முன்னாலும் நிற்க முடியாது. வண்டி அன்றைக்குக் கிளம்பாமல் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாலும்கூட. உங்கள் கருவி இயங்க மறுத்தால் எல்இடிக்கு ஏற்ற ரிலே ஒன்றைச் சேருங்கள், இல்லையென்றால் பழைய பல்பையே திரும்பப் போடுங்கள். அந்தக் கம்பியில் கை வைக்காதீர்கள்.