தும்பியும் இரண்டாம் சீலமும்

தாராவியில் ஞாயிற்றுக்கிழமை புத்த வந்தனை முடிந்தபின் இளம் உபாசகர் ஒருவர் ஒரு வினா எழுப்பினார். கோடையில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவிலும் மித்தி ஆற்றோரத்திலும் தும்பிகளைப் படம் பிடிப்பவர் அவர். (பழைய நூல்களில் தும்பி என்பது வண்டு, ஈண்டு நாம் கூறுவது தட்டானை.) பறக்கும் தும்பி கேமராவுக்கு எளிதில் அகப்படாது. ஆகவே சிலர் அதைப் பிடித்துக் குளிர்ப்பெட்டியில் சிறிது நேரம் வைத்து, விறைத்த நிலையில் ஒரு பூவின்மேல் அமர்த்திப் படமெடுக்கின்றனர். வெயில் பட்டதும் அது பறந்துவிடுகிறது. “உயிர் போகவில்லையே, நானும் அவ்வாறு செய்தால் சீலம் கெடுமோ?” என்று கேட்டார்.

சிறு வினாவென்று இதைத் தள்ளலாகாது. தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டவர் நம்மிற் பலர், யானும் விலக்கல்லேன்.

தும்பி சாகாதவரை முதற்சீலம் முறிந்ததென்று கூற இயலாதுதான். ஆயின் இரண்டாம் சீலத்தை நோக்குக. திருடாமை என்று அதனைச் சுருக்கிவிடுகிறோம். கொடுக்கப்படாததை எடாமை என்பதே அதன் சொற்பொருள். தும்பியிடம் எடுப்பதற்கு என்ன உளது? காலம் உளது. இளம்பருவத்தில் அது நீருக்குள் கொசுப்புழு முதலியவற்றைத் தின்று வாழ்கிறது. இறகு பெற்றபின் அதன் வாழ்வு பெரும்பாலும் சில வாரங்களே. அதற்குள் இரை தேடி, துணை தேடி, முட்டையிட்டாக வேண்டும். அதில் ஒரு முற்பகலை நாம் எடுத்துக்கொள்கிறோம். அது தந்ததா?

“அன்பினாலன்றோ எடுக்கிறேன்” என்றார். சேதனையே கம்மம் என்பது நம் கொள்கையாதலின் அதையும் ஆராய்வோம். குளிர்ப்பெட்டியைத் திறக்கும்போது மனத்தில் நிற்பது தும்பியா, படமா? நம் மொழியும் படம் ‘பிடித்தல்’ என்றே கூறுகிறது. மேலும், இரை பிடித்துண்ணும் உயிரைத் தேனுண்பதுபோற் பூவில் அமர்த்திக் காட்டும் படம் பொய்யும் உரைக்கிறது.

சாக்கடை நீரிலும் வாழவல்ல செம்மஞ்சள் இறகுத் தும்பி ஒன்று நம் பகுதிகளில் உண்டு. 1793இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஃபாப்ரிசியுஸ் அதற்குச் சூட்டிய பெயர் ‘கண்டாமினாட்டா’. மாசுற்றது என்று பொருள்படும். தீட்டு என்னும் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த நமக்கு இப்பெயர் சுடுகிறது. சாக்கடையை உண்டாக்கியது அந்தத் தும்பியன்று. 1994இல் திறக்கப்பட்ட அப்பூங்காவின் 37 ஏக்கர் நிலமும் முன்னர் நகரத்தார் கொட்டிய குப்பைமேடே.

அத்தும்பி தாழ்ந்த தண்டொன்றில் அமரும். விரட்டினாலும் பலமுறை அதே தண்டுக்கு மீளும். அசையாது காத்திருப்பவர்க்குக் குளிர்ப்பெட்டி வேண்டுவதில்லை. “மீளாவிடில்?” என்றார் இளைஞர். படம் இல்லை என்றேன். அவர் முகம் வாடிற்று.

அடுத்த வாரம் ஒரு படம் கொணர்ந்தார். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றாராம். தண்டு தெளிவாக விழுந்திருந்தது. இறகுகள் சற்றே கலங்கியிருந்தன.