தலையில் ஊற்றிய தண்ணீர்

எழுத்தாளர்கள் மேடையில் அடிக்கடி சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "ஒரு கட்டத்துக்கு மேல நான் எழுதல சார், அந்தக் கேரக்டரே எழுந்து நடக்க ஆரம்பிச்சிடுச்சு." கூட்டம் கைதட்டும். கேட்கிறபோதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். எழுந்து நடந்து நல்ல இடத்துக்குப் போனால் சரி. நடந்துபோய் ஆற்றில் விழுந்தால்? அப்போதும் தானாகப் போய் விழுந்ததுதானா, இல்லை பின்னாலிருந்து ஒரு கை தள்ளியதா?

நபகோவுக்கு இந்தப் பேச்சே ஆகாது. தன் பாத்திரங்கள் எல்லாரும் கப்பலில் துடுப்பு வலிக்கும் அடிமைகள் என்ற பொருளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். திமிரான பேச்சுதான். ஆனால் சவுக்கு யார் கையில் இருக்கிறது என்பதை மனுஷன் மறைக்கவில்லை.

அதை ஒப்புக்கொண்டுவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்து நிற்கும். படைத்தவருக்குப் படைப்பின் மீது உரிமை இருக்கிறது, சரி. கடமை ஏதாவது இருக்கிறதா? காகிதத்தில் இருக்கிற ஆளுக்கு என்ன வலிக்கப் போகுது என்று கேட்கலாம். வலிக்காதுதான். வலி வேறோர் இடத்தில் இருக்கிறது. வாரப் பத்திரிகையில் ஒரு கதை வருகிறது. கதையில் வரும் பெண்ணுக்கு நடந்தது தனக்கும் நடந்து, அதை யாரிடமும் சொல்லாமல் இருக்கிற ஒருத்தி எங்கோ ஒரு வீட்டில் உட்கார்ந்து அதைப் படிக்கிறாள். கதாசிரியர் அந்தப் பாத்திரத்துக்குச் சொல்லும் தீர்ப்பை அவள் தனக்குச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வாள். அதனால்தான் இது வெறும் கதைக்கலைப் பிரச்சினையாக எனக்குத் தெரியவில்லை.

தமிழில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் ஒரே பெண்ணோடு மல்லுக்கட்டியவர் ஜெயகாந்தன். அந்தப் பெண் கங்கா. பலருக்கும் தெரிந்த கதைதான். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1966 நவம்பரில் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை வந்தது. மழை. பஸ் ஸ்டாப்பில் ஒரு காலேஜ் பெண். பெரிய கார் ஒன்று வந்து நிற்கிறது, ஓட்டி வந்தவன் ஏறச் சொல்கிறான், ஏறிவிடுகிறாள். ஆளில்லாத இடத்தில் கார் நிற்கிறது. என்ன நடக்கிறது என்று அவளுக்கு முழுசாகப் புரிவதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. அவன் கொடுத்த சூயிங்கம் வாயில் இருக்க, நனைந்துபோய் வீட்டுக்கு வருகிறாள். ஒண்டிக்குடித்தன வீடு, சுவருக்குச் சுவர் காது. அம்மா முதலில் அலறுகிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்டதும் சுதாரித்துக்கொண்டு எதையோ சொல்லிச் சமாளிக்கிறாள். அப்புறம் மகளைக் குளிக்கிற இடத்துக்குக் கூட்டிப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். உன்மேல் இப்போது ஒரு கறையும் இல்லை, இதை யாரிடமும் சொல்லாதே என்று தேற்றுகிறாள். அவ்வளவுதான் கதை.

கதை வெளிவந்ததும் பெரிய ரகளை ஆனது. கெட்டுப்போனவளை ஒரு அம்மாவே தண்ணி ஊத்தி உள்ளே சேர்த்துக்கொண்டால் அப்புறம் ஒழுக்கம் என்னாவது என்பதுதான் எதிர்ப்பின் சாரம். கோனன் டாயில் 1893இல் ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றபோதும் வாசகர்கள் கொதித்தார்கள். கடைசியில் 1903இல் அவர் ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அங்கே வாசகர்கள் கேட்டது உயிர். இங்கே கேட்டது தண்டனை. ஒரு அம்மா காட்டிய கருணையைக் கதாசிரியர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பகுதி வாசகர்கள் கோபப்பட்டார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் கூசுகிறது.

ஜெயகாந்தன் திரும்ப எடுத்துக்கொண்டார்! அங்கேதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

அவர் எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் மழையும் காரும் அப்படியே இருக்கின்றன. அம்மா மட்டும் மாறிவிட்டாள். இந்த அம்மாவுக்குச் சுதாரிக்கத் தெரியவில்லை. அலறியது அலறியதுதான், ஊருக்கே தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். அடைக்கலம் கொடுத்துப் படிக்கவைக்கும் வெங்கு மாமாவின் பார்வை சரியில்லை. கங்கா படிக்கிறாள், பெரிய வேலைக்குப் போகிறாள், கல்யாணம் இல்லை. முடிந்தால் அவனையே தேடிக் கண்டுபிடி என்பதுபோல மாமா விடும் சவாலைப் பிடித்துக்கொண்டு பல வருஷம் கழித்து அந்தக் கார்க்காரன் பிரபுவைத் தேடிப் போகிறாள். கடைசியில் அவனும் விலகிப்போக, குடிக்கு வந்து சேர்கிறாள். இந்த நாவலுக்குத்தான் 1972இல் சாகித்திய அகாதெமி விருது.

முதல் தடவை படித்து முடித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு சிறுகதையில் காப்பாற்றிய பெண்ணை எடுத்து, "பாத்தீங்களா, நீங்க கேட்ட மாதிரி அம்மா நடந்துக்கிட்டா இதான் ஆகும்" என்று வாசகர்களுக்கு நிரூபித்துக் காட்ட ஐந்நூறு பக்கம் வதைப்பது என்ன நியாயம்? வாதத்தில் ஜெயித்தது எழுத்தாளர். விலை கொடுத்தது கங்கா. கோர்ட்டில் மேசைமேல் வைக்கும் சாட்சிப் பொருள் மாதிரி ஆகிவிட்டாள்.

ஆனால் இந்த எரிச்சலோடு திரும்பப் போய் 'அக்கினிப் பிரவேச'த்தைப் படித்தால் வேறொன்று உறுத்துகிறது. அதில் அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது. பேச்சும் அதிகம் இல்லை. மன்னிப்பவள் அம்மா. தண்ணீர் ஊற்றுபவள் அம்மா. நீ சுத்தம் என்று தீர்ப்பு சொல்பவளும் அம்மா. பெண் நனைந்துகொண்டு நிற்கிறாள். இந்தக் கதையை ஒரு தோழிக்குப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் கேட்டது ஒரே கேள்விதான். "எதுக்குக் குளிப்பாட்டணும்? அழுக்கானது அவன்தானே?" 1966இல் அந்தத் தண்ணீர் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கம் சரிதான். கேள்வியும் சரிதான். அந்தக் கதையில் வரும் பெண் அதைக் கேட்டிருக்க முடியாது. கேட்கிற வாயை ஆசிரியர் அவளுக்குக் கொடுக்கவில்லை.

நாவலில் கொடுக்கிறார். அங்கே அவளுக்குப் பெயர் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக 'நான்' என்று சொல்லும் உரிமை இருக்கிறது. நாவலின் பெரும்பகுதியை கங்காதான் தன் வாயால் சொல்கிறாள். மாமாவைப் பற்றி, அண்ணனைப் பற்றி, அம்மாவின் அசட்டுத்தனத்தைப் பற்றி அவளுக்குக் கூர்மையான அபிப்பிராயங்கள் உண்டு. சில இடங்களில் நம்மையே சீண்டுகிற ஒரு எகத்தாளமும் உண்டு.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் ஜெயகாந்தன் செய்தார். நாவலுக்குள் ஆர்.கே.வி. என்று ஒரு எழுத்தாளர் வருகிறார். (பீம்சிங் இயக்கிய படத்தில் நாகேஷ். கங்காவாக நடித்து தேசிய விருது வாங்கிய லட்சுமியைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள், எனக்கு நாகேஷ் மறக்காது.) இந்த ஆர்.கே.வி. ஒரு பத்திரிகையில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற கதையை எழுதியிருக்கிறார். அது கங்காவின் கைக்கு வருகிறது. தன் கதையை, தனக்குக் கிடைக்காத முடிவோடு கங்கா படிக்கிறாள். மழையும் காரும் சரியாக இருக்கின்றன. அம்மா மட்டும் தன் அம்மா இல்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ஆசிரியர் தன் படைப்பின் கையில் தன் கதையைக் கொடுத்து, "உனக்கு இப்படியும் நான் எழுதியிருந்தேன்" என்று காட்டுகிறார். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? நன்றியா, கோபமா? ஒரு குடம் தண்ணீரும் வாயை மூடிக்கொள்ளும் புத்தியும் தன் அம்மாவுக்கு அன்றைக்கு இருந்திருந்தால் இந்தப் பன்னிரண்டு வருஷமும் வேறாக இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்வது ஆறுதலா, கொடுமையா? கங்கா அந்தக் கதையைத் தன் அம்மாவிடமே படிக்கக் கொடுக்கிறாள். அம்மா படித்துவிட்டு அழுகிறாள். விகடனுக்குக் கோபமாக எழுதியவர்கள் யாரும் செய்யாத ஒன்றை அந்தக் காகித அம்மா செய்துவிடுகிறாள். கதையைப் புரிந்துகொண்டுவிடுகிறாள். காலம் கடந்துவிட்டது என்பது மட்டும்தான் பிரச்சினை.

படைக்கப்பட்டவர் படைத்தவரைக் கேள்வி கேட்பது நம் மரபுக்குப் புதிதும் கிடையாது. பிச்சையெடுத்துத்தான் ஒருவன் வாழவேண்டும் என்றால் இந்த உலகத்தைப் படைத்தவனும் அப்படியே அலைந்து கெடட்டும் என்று சபித்தவர் வள்ளுவர். புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசன'த்தில் அகலிகை இன்னும் ஒரு படி மேலே போகிறாள். ராமன் பாதம் பட்டுக் கல்லிலிருந்து பெண்ணானவள் அவள். அதே ராமன் சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயிலிருந்தே கேட்கிறாள். மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமாயணம் பெரிய மனது வைத்து அவளுக்குக் கொடுத்த மன்னிப்பை, இந்த நிபந்தனையோடு வருவதென்றால் எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. ஜெயகாந்தன் தன் கதைக்கு வைத்த தலைப்பும் அதே சீதையின் தீதான். தீயிலிருந்து தண்ணீருக்கு வந்தது அவருடைய பங்கு.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, காப்பாற்றுவது படைப்பாளியின் கடமை என்ற என் எண்ணம் தளர்ந்துவிட்டது. காப்பாற்றப்பட்டு ஊமையாக நிற்கும் பெண்ணைவிட, எல்லாம் கெட்டும் 'நான்' என்று பேசுகிற பெண்ணுக்குத்தான் ஜெயகாந்தன் அதிகம் கொடுத்திருக்கிறார். தன்னையே எதிரே நிறுத்தி நியாயம் கேட்கும் இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். வதைத்ததற்கு அது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது. ஆனால் கணக்கு ஓரளவு நேர்மையாக இருக்கிறது. அடித்தவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை. தன் பெயரில் பாதியை மாற்றிக்கொண்டாவது அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவர் அதோடு விட்டிருக்கலாம்.

'கங்கை எங்கே போகிறாள்' என்று மூன்றாவதாக ஒன்று எழுதினார். கங்காவைக் குடியிலிருந்து மீட்டார், பிரபுவைத் திருத்தினார், இறுதியில் அவளைக் காசிக்குக் கொண்டுபோய்க் கங்கையிலேயே கரைத்துவிட்டார். கங்கா கங்கையில் கலக்கிறாள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம். இதைப் படித்து உருகியவர்களை எனக்குத் தெரியும், அவர்களோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் எனக்கு இது ஒத்துக்கொள்ளவேயில்லை.

காரணம் அந்தத் தண்ணீர்தான். முதல் கதையில் அம்மா ஊற்றியது வீட்டுத் தண்ணீர். தினமும் பாத்திரம் கழுவுகிற, துணி அலசுகிற, ஒண்டிக்குடித்தனத்தில் முறை வைத்துப் பிடிக்கிற தண்ணீர். இந்தத் தண்ணியே போதும், இதற்கு மந்திரம் வேண்டாம், புரோகிதர் வேண்டாம், புண்ணிய தீர்த்தம் வேண்டாம், ஒரு அம்மா ஊற்றினால் போதும் என்பதுதான் 1966இல் அந்தக் கதை செய்த கலகம். அதே பெண்ணுக்குக் கடைசியில் காசி வரைக்கும் போய் நிஜ கங்கையே தேவைப்படுகிறது என்றால், அந்தக் குடம் தண்ணீர் போதவில்லை என்று கதாசிரியரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. திட்டிக் கடிதம் எழுதியவர்கள் அதைத்தான் முதலிலேயே சொன்னார்கள். அவர்களோடு அத்தனை வருஷம் வாதாடியவர் அவர்களுக்கு இதைவிட நல்ல பரிசு கொடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் கங்கா படிக்கிறவர்களுக்குப் பெரிய தொந்தரவு. அவளை என்ன செய்வது என்று நமக்குத் தெரியாது. நல்லவள் என்றும் சொல்ல முடியாது, கெட்டவள் என்றும் தள்ள முடியாது. புத்தகத்தை மூடினாலும் அவள் கையில் கிளாஸோடு அங்கேயே இருப்பாள். நதியில் கலந்தவளால் ஒரு தொந்தரவும் இல்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். நம் ஊரில் பேசுகிற பெண்ணைத் தெய்வமாக்கி வாயை அடைப்பது பழைய உத்தி. ஜெயகாந்தன் மாதிரி ஒருவர் அதற்குள் போய் விழுந்தது எப்படி என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வயதா, ஆன்மிகமா, இல்லை அவளைத் தனியாக அந்தக் கோலத்தில் விட்டுப்போக மனசு வரவில்லையா? கடைசிக் காரணமாக இருந்தால் கொஞ்சம் மன்னிக்கலாம். பெற்றவர்கள் இப்படித்தான், பொண்ணு எங்கேயாவது போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைப்பார்கள்.

ஜெயகாந்தன் 2015இல் இறந்துபோனார். இனி யாரும் கங்காவுக்கு வேறு முடிவு எழுதித் தரப்போவதில்லை என்றும் சொல்ல முடியாது. அகலிகைக்கு வால்மீகியோடு முடிந்துவிட்டதா என்ன? கம்பன் ஒன்று செய்தான், புதுமைப்பித்தன் ஒன்று செய்தார். என் தோழியிடம், அந்தப் பெண்ணை வைத்து நீயே எழுதேன் என்று சொல்லியிருக்கிறேன். எழுதினால் அதில் குளிக்கிற காட்சி இருக்காது என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லியிருக்கிறாள்.

என் அலமாரியில் சிறுகதைத் தொகுப்பும் நாவலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றாவது புத்தகத்தை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. நானும் இதுவரைக்கும் கேட்கவில்லை.