வருத்தமும் மனத்துயரும்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்களை உருவாக்கிவரும் ஹூண்டாய் நிறுவனம், 2022 பிப்ரவரியில் பெரும் கண்டனத்திற்கு உள்ளானது. காஷ்மீர் ஒருமைப்பாட்டு நாளாகப் பாகிஸ்தான் கடைப்பிடிக்கும் 5ஆம் நாளன்று, அந்நாட்டுப் பங்காளி வெளியிட்ட பதிவே காரணம். இந்தியாவில் புறக்கணிப்புக் குரல் எழவே, 8ஆம் நாள் தலைமையகம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. தென்கொரிய வெளியுறவு அமைச்சரும் நம் அமைச்சரிடம் தொலைபேசியில் வருந்தினார்.

2018இல், தலாய் லாமாவின் கூற்றொன்றை விளம்பரத்தில் சேர்த்ததற்காக மெர்சிடிஸ் பென்ஸ் சீனரிடம் மன்னிப்புக் கேட்டது. எதையும் பல கோணங்களிலிருந்து நோக்கச் சொன்ன கூற்று அது. அதில் குற்றம் எது? வாங்குவோரின் வலிமையே குற்றத்தை வரையறுக்கிறதோ என ஐயுறுகிறோம்.

அச்சத்தில் பிறந்த வருத்தம் வீண் என்று சொல்வதற்கில்லை. தண்டனைக்கு அஞ்சும் குறைவான மனத்துயரையும் திருச்சபை ஒப்புரவு அருட்சாதனத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால், குற்றம் இன்னதென்று அறிக்கையிடவும், தீங்கை ஈடுசெய்யவும் கேட்கிறது. சக்கேயு வருந்தியதோடு நில்லாமல், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித்தர முன்வந்தார். ஒரு மக்களின் துயரத்தை விற்பனைக்குத் துணையாக்கியதே காஷ்மீர்ப் பதிவின் குற்றம் என்போம். வருத்தமோ வாங்குவோரை நோக்கியே சொல்லப்பட்டது. காஷ்மீர் மக்களை நோக்கி அன்று.

நிறுவனங்களைப் பழிப்பது எளிது. சேர்வராயன் மலையில், மாரமங்கலத்துக் காப்பித் தோட்டமொன்றில் உரிமையாளரிடம் உடனே மன்னிப்புக் கேட்பவர், கூலியாளிடம் தவறிழைத்தபோதும் அவ்வாறே கேட்பாரா? நமக்குத் தீங்கு செய்ய இயலாதவரிடம் நாம் கடைசியாக எப்போது மன்னிப்புக் கேட்டோம்? அடுத்த ஒப்புரவுக்கு முன் இதை எண்ணிப் பார்ப்போம்.