தணிகையில் சூரசம்ஹாரம் இல்லை

கந்த சஷ்டியின் ஆறாம் நாள் திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரன் வீழ்வதைக் காணப் பெருங்கூட்டம் திரள்கிறது. அதே நாளில் திருத்தணி மலைமேல் சம்ஹாரம் கிடையாது. முருகனுக்குக் கூடை கூடையாக மலர் கொட்டிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். சூரனோடு பொருத சினம் ஆறி அவன் அமர்ந்த இடம் இது என்கிறது தலபுராணம். போரை இந்த மலை மறக்கவில்லை; போர் இல்லையேல் தலத்துக்கே கதை இல்லை. எதிரியை ஆண்டுதோறும் எழுப்பி வெட்டாமலும் அதை நினைக்க முடிகிறது, அவ்வளவுதான். மக்கள் கூட்டங்களின் பகைக்கு நினைவுச் சின்னங்களைக் குறை சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நினைவில் எதிரிக்கு நடு இடம் கொடுக்கும்போதுதான் பகை வளர்கிறது.

இந்த ஊருக்கு இது வெறும் புராணச் செய்தியும் அல்ல. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959-இன் எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. கோவிந்தசாமி, பழனிமாணிக்கம் ஆகியோரின் உயிர் அதற்கு விலையானது. மறுபுறம், ஆந்திர மாநிலம் கேட்டு 58 நாள் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பர் 15 அன்று உயிர்விட்டது மயிலாப்பூரில். சென்னையும் ஆந்திரத்துக்கே என்ற முழக்கம் ஒலித்த காலம் அது. ஆனாலும் அவருக்கான நினைவில்லம் இன்றும் சென்னையிலேயே இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்குத் தெலுங்கு பேசும் பக்தர்களும் காவடி எடுத்து இதே 365 படிகளில் ஏறுகிறார்கள்.

“திருத்தணி கிடைத்தது, அதனால் ஆறினீர்கள்; தோற்றவர்களிடம் இதைச் சொல்ல முடியுமா?” என்று கேட்கலாம். திருப்பதி கிடைக்கவில்லையே, அதற்காகத் தமிழர்கள் அங்கே போவதை நிறுத்தவில்லை. ஆனால் கேள்வியின் கூர்மை அதோடு மழுங்கிவிடாது. 2021 ஜனவரி 8 இரவில் இலங்கையின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், இறுதிப் போரில் இறந்த தமிழர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் பட்டினிப் போராட்டத்தில் அமர்ந்த பிறகே மறுபடி அடிக்கல் வைக்கப்பட்டது. இறந்தவர்களுக்காக அழவும் இடம் மறுக்கப்பட்டவர்களைப் பார்த்துச் சினம் ஆறுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. புராணத்திலும் தேவர்களின் சிறை உடைந்த பிறகுதான் முருகன் சினம் தணிகிறான். ஆகவே முதல் கடமை ஆட்சியில் இருப்பவர்களுடையது: கல்லறையைத் தொடாதே, உண்மையை மறைக்காதே. அதன் பிறகு வருவது நம் கடமை. நம் கல்லில் நம் இறந்தவர்களின் பெயர் இருக்கட்டும். அடுத்த வீட்டாரை அதில் சூரனாகச் செதுக்க வேண்டாம். நவம்பர் 1 அன்று எல்லைப் போராட்டத் தியாகிகளை வணங்கும்போது, ஸ்ரீராமுலு யார் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.