கொடை தராசை நேராக்குமா?

வணிகனுக்கு இரண்டு கைகள். ஒன்று தராசைப் பிடிக்கிறது. மற்றொன்று தருமம் செய்கிறது. ஊரார் பெரும்பாலும் இரண்டாவது கையையே பார்க்கின்றனர். கல்வெட்டில் ஏறுவதும் அதன் செயல்தான். ஆனால், முதற்கை இழைத்த குறையை மறுகையின் கொடை ஈடு செய்துவிடுமா? இஸ்தான்புல் மாநகரின் மிஸ்ர் அங்காடியைச் சுற்றி வருவோர்க்கு இந்தப் பழைய வினா தவிர்க்க முடியாததாகிறது.

கலாட்டாப் பாலத்தருகே, கடலை நோக்கி நிற்கும் புதுப் பள்ளிவாசலின் பக்கத்தில், தச்சரின் மூலைமட்டம் போல் இரு கைகளாக விரிந்த கட்டடம் அது. வளைகூரையின் கீழ் ஏறத்தாழ 85 கடைகள். உள்ளே நுழைய ஆறு வாயில்கள். மிளகும் ஏலமும் கிராம்பும் குவியல் குவியலாய்க் கிடக்கின்றன. உலர்ந்த அத்தியும் பேரீச்சையும் பிஸ்தாப் பருப்பும் தட்டுகளில் நிறைந்திருக்கின்றன. எகிப்தின் வருவாயைக் கொண்டு எழுப்பப்பட்டதால் அது மிஸ்ர் அங்காடி எனப் பெயர் பெற்றது என்பர். எகிப்து வழியாகச் சரக்கு வந்ததே காரணம் என்பாரும் உளர். மலபார்க் கரையின் மிளகு செங்கடலைக் கடந்து, கெய்ரோவைத் தொட்டு, அந்நகரை அடைந்த காலம் ஒன்று இருந்தது.

இவ்வங்காடி 1664இல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டுவித்தவர் நான்காம் மெஹ்மெத் சுல்தானின் அன்னையாராகிய துர்ஹான் சுல்தான். 1597இல் தொடங்கப்பட்டு நெடுங்காலம் நின்றுபோயிருந்த பள்ளிவாசலை நிறைவு செய்தவரும் அவரே. பள்ளிவாசலுக்கும், அதைச் சார்ந்த பள்ளிக்கூடத்துக்கும், வழிப்போக்கருக்கு நீர் வழங்கிய மண்டபத்துக்கும் வருவாய் வேண்டுமல்லவா? அதற்காகவே கடைகளின் வாடகை வக்பு செய்யப்பட்டது. மிளகு விற்பவன் மாத வாடகையைச் செலுத்தும்போதே ஒரு குழந்தையின் பாடத்துக்கும் ஒரு வழிப்போக்கனின் தாகத்துக்கும் பங்களித்தவனாகிறான். வணிகத்தின் இலாபம் ஒருவன் பெட்டியோடு நின்றுவிடாமல் ஊருக்குப் பாயும்படி வாய்க்கால் வெட்டிய இந்த அறிவை நாம் எவ்வளவு போற்றினாலும் தகும்.

எனினும் வாய்க்கால் நன்றாயிருப்பதாலேயே ஊற்று தூயதாகிவிடாது. குங்குமப்பூவை எடுத்துக்கொள்வோம். அதன் நிறத்தை மட்டும் ஒத்த குசும்பாப் பூ இதழ்கள் 'துருக்கியக் குங்குமப்பூ' என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. நம் ஊரில் மிளகோடு பப்பாளி விதை கலப்பதை அறியாத இல்லத்தரசி இல்லை. இவ்வாறு விற்ற பணத்திலிருந்தும் வாடகை வரும். அதுவும் பள்ளிவாசலின் விளக்கை எரிக்கும். விளக்கு எரிவதால் கலப்படம் நியாயமாகிவிடுமா? உதுமானிய ஆட்சியினர் அப்படி எண்ணவில்லை. எடையையும் அளவையும் சோதிக்க முஹ்தஸிப் என்னும் அதிகாரியை வைத்தனர். 1640இல் வகுக்கப்பட்டது போன்ற விலைப் பட்டியல்களால் விலைக்கும் வரம்பு கட்டினர். குறைத்து அளப்போரைக் கண்டிக்கவே திருக்குர்ஆனில் தனி அத்தியாயம் ஒன்று இருப்பதை நாம் அறிவோம்.

இதைவிடக் கடினமான செய்தி ஒன்றும் உண்டு. பள்ளிவாசலும் அங்காடியும் எழுந்த அப்பகுதியில் யூதக் குடும்பங்கள் பல வாழ்ந்தன. 1660இல் மூண்ட பெருந்தீயில் அவர்களுடைய வீடுகள் எரிந்தன. பின்னர் அவர்கள் தம் இடத்துக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. ஹஸ்கோய் முதலிய பகுதிகளுக்குப் போக நேர்ந்தது. அந்தப் பேரறத்தின் அடித்தளத்தில் பிறர் இழந்த மனையும் கிடக்கிறது. நம்மவர் கட்டியது என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இவ்விடத்தில் மதீனாவை நினைக்காமலிருக்க முடியவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசல் அமைக்க விரும்பிய மனை சஹ்ல், சுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. இலவசமாகவே தருவதாகச் சொல்லப்பட்டும் அண்ணலார் இசையவில்லை. விலை கொடுத்தே பெற்றார்கள். இறையில்லத்துக்கே ஆயினும் பிறர் உரிமைக்கு உரிய விலை முன்னதாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

"குறையற்ற கைகளின் கொடையைத்தான் ஏற்போம் என்றால் எந்தப் பள்ளிக்கூடம் நடக்கும்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அந்த வாடகையில் எழுத்தறிந்த பிள்ளையின் கல்வி பொய்யாகிவிடவில்லை. அங்கு நீர் பருகியவனின் தாகம் உண்மையாகவே தணிந்தது. கொடையின் பயன் பெற்றவர்மேல் பழி இல்லை. ஆனால், பெற்றவர் அடைந்த நன்மை கொடுத்தவரின் கணக்கைத் தீர்த்துவிடாது. அடியார்களின் உரிமையை உரியவரிடமே திருப்ப வேண்டும் என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. உரியவரைக் கண்டுபிடிக்க இயலாதபோது அவர் பெயரால் தருமம் செய்க என்றனர். அந்நிலையிலும் நன்மை உரிமையாளருக்கே சேரும். கொடுப்பவன் தன் சுமையை இறக்குகிறான், அவ்வளவே. அதைத் தன் வள்ளன்மை என்று அவன் எழுதிக்கொள்ள இடமில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தராசு, பிறகு தருமம். முதலில் கடன், பிறகு கொடை. வேலையாளின் கூலியை நிறுத்திவைத்துப் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வழங்குவதும், சகோதரியின் பாகத்தைக் கொடாமல் மதரஸாவுக்கு அறை கட்டுவதும் வரிசை தவறிய செயல்கள். கல்வெட்டைப் படிப்போர்க்கு இது தெரியாது. ஆனால் வீட்டிலுள்ளோர்க்குத் தெரியும். கூலி பெறாதவனுக்கும் தெரியும். யாவும் அறிந்த இறைவனுக்கும் தெரியும். நம் கை கொடையில் நீளுமுன், அது எவருக்கேனும் தர வேண்டியது மீதமிருக்கிறதா என்று ஒருமுறை கணக்குப் பார்ப்போமாக.