நினைவில் நில்லாத தொண்டு

கார்வேட்டிநகரத்தில் வேணுகோபால சுவாமி கோயில் மணியொலி கேட்டதும் கைகூப்பும் மூதாட்டி ஒருத்தி, தனக்குச் சோறூட்டும் மகளைப் பார்த்து ‘நீ யாரம்மா?’ என்று கேட்பதாகக் கொள்வோம்.

இது அன்பின் குறைவன்று. 1906-இல் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்த நோய் போன்றவை மூளையைச் சிதைப்பதன் விளைவு. அண்மை நினைவுகள் முதலில் அழிய, நெடுநாள் பழக்கம் எஞ்சி நிற்கிறது.

அதே கேள்வி பத்தாம் முறை எழும்போது மகள் சினக்கிறாள். மறுகணமே மனம் வெதும்புகிறாள். அச்சினம் பாவமன்று, களைப்பு. அவளது சுமையைப் பகிர்ந்துகொள்வது உடன்பிறந்தோர் கடமை.

நினைவில் நில்லாத தொண்டு வீணா? நம் முதலிரு ஆண்டுகள் நம்மில் எவருக்கும் நினைவில் இல்லை. அன்று தாய் ஊட்டியதால்தான் இன்று வாழ்கிறோம். நம் நினைவை எதிர்பார்த்தா அவள் ஊட்டினாள்?